சான்றை முதலில் எழுதுகிறவர்

கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் உலோகவியலிலோ சோடியம் வேதியியலிலோ ஆய்வுக் கட்டுரை எழுதும் ஒருவர் இன்று நூலகத்தில் உட்கார்ந்து சான்றுகளை அட்டையில் எழுதிக்கொண்டிருப்பதில்லை. கட்டுரை இருக்கும் இணையதளத்தைத் திறக்கிறார். உலாவியின் மேல் ஓரத்தில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்துகிறார். ஆசிரியர், தலைப்பு, இதழ், தொகுதி, பக்கம், ஆண்டு எல்லாம் ஸொட்டேரோ, மெண்டலி, எண்ட்நோட் போன்ற சான்று சேகரிக்கும் மென்பொருளில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. கட்டுரை எழுதி முடிக்கையில் துணைநூற்பட்டியலும் தயாராக நிற்கிறது. இந்த வசதியைப் புகழ்கிறவர்கள் மென்பொருளைப் புகழ்கிறார்கள். பட்டியலில் பிழை வந்தால் மென்பொருளைத் திட்டுகிறார்கள். புகழ்ச்சி, வசை இரண்டுமே போய்ச் சேர வேண்டிய ஆள் வேறு. மென்பொருள் எந்தச் சான்றையும் எழுதுவதில்லை, யாரோ முன்பே எழுதி வைத்ததை எடுத்து வருகிறது. அப்படி எழுதியவர் அந்தப் பொருளுக்கு எவ்வளவு அருகில் இருந்தார், யாருடைய பெயரை எப்படி எழுத வேண்டும் என்பதை அறிந்திருந்தாரா என்பதில்தான் சான்றின் தரம் இருக்கிறது. கல்பாக்கத்தையும் அதைச் சுற்றியுள்ள மாமல்லபுரக் கரையையும் எடுத்துக்கொண்டு பார்த்தால், இந்த உண்மை கணினிக்கு மிகவும் முற்பட்டது என்பது தெரியும். முந்தையவர் சொன்னதை அவர் பெயரோடு தன் ஆவணத்துக்குள் கொண்டுவருவது இந்த மண்ணில் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தொழில்.

கல்பாக்கத்துக்கு வடமேற்கே திருக்கழுக்குன்றத்தில் முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது; வி. வெங்கய்யா அதை எபிகிராபியா இண்டிகா என்ற கல்வெட்டு இதழின் 3ஆம் தொகுதியில் பதிப்பித்தார். அதில் உள்ள செய்தி எளியது. இந்தக் கோயிலுக்கு முன்பு ஸ்கந்தசிஷ்யன் இறையிலியாக நிலம் கொடுத்தான். பின்னர் வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையன் அதை அப்படியே காத்தான். இப்போது ஆண்டுரையான் குணவான் மகன் புத்தன் விண்ணப்பிக்க, முன்னோர் காத்தபடியே நாமும் காத்தோம் என்கிறான் அரசன். இந்த நரசிங்கப் போத்தரையன், அதாவது பல்லவன் நரசிம்மவர்மன், 7ஆம் நூற்றாண்டுக்காரன். அவனுக்கும் ஆதித்தனுக்கும் இடையே சுமார் 250 ஆண்டுகள். ஆதித்தனோ பல்லவர்களை வென்று தொண்டை மண்டலத்தைப் பிடித்தவன். பழைய தானத்தைத் தன் பெயரில் புதிதாக எழுதிக்கொள்ள அவனுக்கு எந்தத் தடையும் இருந்திருக்காது. ஆனாலும் தோற்ற குலத்தின் அரசர்கள் பெயரை வரிசை மாறாமல் சொல்லி, தன் ஆணையை அவர்கள் ஆணைக்குப் பின்னால் நிறுத்துகிறான். விண்ணப்பித்தவன் யார், அவன் தந்தை யார், எந்த ஊர் என்பதும் விடுபடவில்லை. ஒரு சான்றில் இருக்க வேண்டியவை எல்லாம் கிட்டத்தட்ட அதில் இருக்கின்றன. ஒன்று மட்டும் இல்லை: ஸ்கந்தசிஷ்யனின் காலம். அந்த ஒரு குறையால், அவன் எந்தப் பல்லவன் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றுவரை ஒத்துப்போகவில்லை. எழுதியவருக்கும் அன்றைய ஊராருக்கும் தெரிந்திருந்த ஒன்று பதிவில் ஏறாமல் போனால், பின்னால் எத்தனை பேர் எவ்வளவு உழைத்தாலும் அதை மீட்பது அரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

ஏற்கெனவே இருக்கும் பதிவைப் படியெடுப்பதற்கும் தமிழ்நாட்டில் முறை இருந்தது. திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதுக்கிக் கட்ட முதலாம் ராஜராஜன் ஆணையிட்டபோது, சுவரிலிருந்த கல்வெட்டுகளைப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளச் செய்தார்கள். ராஜேந்திரன் காலத்தில் அவை புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இப்படி மறுபடி வெட்டும்போது அது பழங்கற்படி என்று குறிப்பிடும் வழக்கமும் பல கோயில்களில் உண்டு. எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்வது அன்றைக்கே படியெடுப்பவரின் கடமையாக இருந்தது.

இந்த ஒழுங்கோடு ஒப்பிட்டால், ஐரோப்பியர் மாமல்லபுரத்தைப் பற்றி எழுதத் தொடங்கிய காலம் குழப்பமானது. வில்லியம் சேம்பர்ஸ் 1772இலும் 1776இலும் அங்கே போனார். அவர் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து எழுதிய கட்டுரை 1788இல் ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் என்ற இதழின் முதல் தொகுதியில் வந்தது. அதில் ஊரின் பெயர் மாவலிபுரம். 1830இல் பெஞ்சமின் பாபிங்டன் எழுதிய கட்டுரையில் அதே ஊர் மகாமலைப்பூர். கடலோடிகளுக்கோ அது ஏழு கோயில்கள். ஊரின் கல்வெட்டுகளில் மாமல்லபுரம் என்ற பெயர் தெளிவாக இருந்தும், ஒவ்வொருவரும் தாம் கேட்டதைத் தமக்குத் தோன்றிய எழுத்தில் எழுதினார்கள். 1869இல் கேப்டன் எம். டபிள்யூ. கார் இந்தப் பழைய கட்டுரைகளையெல்லாம் திரட்டிச் சென்னையில் ஒரே நூலாக வெளியிட்டார். ஒரே இடத்தைப் பற்றிய சான்றுகளை ஒரே உறைக்குள் கொண்டுவந்த முதல் பெரிய முயற்சி இந்தக் கரையில் அதுதான். இன்று ஆய்வாளர் தம் மென்பொருளில் ஒரு தலைப்புக்கு ஒரு தொகுப்பு உண்டாக்குவது போன்ற வேலை. ஆனால் திரட்டியவரால் திரட்டத்தான் முடிந்தது. மூலக் கட்டுரைகள் ஊரை எத்தனை பெயரில் அழைத்தனவோ அத்தனை பெயர்களும் அந்த நூலுக்குள் அப்படியே இடம்பெற்றன.

ஒழுங்கு வந்தது கல்வெட்டுத் துறை அமைந்த பிறகு. ஹூல்ஷ் 1886இல் அரசு கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்றார். 1890இல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி மாமல்லபுரத்துத் தர்மராஜ ரதத்தின் கல்வெட்டுகளோடுதான் தொடங்குகிறது. அதைவிடப் பெரிய காரியம் ஆண்டறிக்கைகளில் நடந்தது. படியெடுப்பவர்கள் கோயில் கோயிலாகப் போய், சுவரைத் தேய்த்துக் கழுவி, ஈரத் தாளை ஒட்டித் தட்டி, மை பூசிப் படி எடுத்தார்கள். எந்த ஊர், எந்தக் கோயில், எந்தச் சுவர், எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு என்று குறித்தார்கள். ஒவ்வொரு படிக்கும் அந்த ஆண்டின் வரிசை எண் ஒன்று கிடைத்தது. கல்வெட்டின் முழுப் பாடம் அச்சேறாமலே இருக்கலாம். ஆண்டையும் எண்ணையும் சொன்னால் எந்த நாட்டு ஆய்வாளரும் அதே கல்லுக்குப் போய்ச் சேரலாம். இன்றைய ஆய்வுக் கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. என்ற நிலையான எண் கொடுக்கிறார்கள். அதைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் நிறுவனம் 2000இல் தொடங்கியது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளுக்கு அதே பயனைத் தரும் எண் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே இருந்தது. அந்த எண் வெறும் எண்ணாக நின்றிருந்தால் பயனில்லை. கல்லின் முன்னால் நின்ற ஒருவர் எழுதிய நான்கு வரிக் குறிப்பு அதோடு சேர்ந்திருந்ததால்தான் அதற்கு மதிப்பு.

இனி அணு உலைக்கு வருவோம். 1971இல் கல்பாக்கத்தில் ரியாக்டர் ரிசர்ச் சென்டர் என்ற பெயரில் ஆராய்ச்சி மையம் நிறுவப்பட்டது. அதற்கு முந்தைய நிலையை முதலில் சொல்லிவிட வேண்டும். அணு அறிவியலில் உலகெங்கும் வெளிவந்தவற்றுக்கு 1948 முதல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் நியூக்ளியர் சயின்ஸ் அப்ஸ்ட்ராக்ட்ஸ் என்ற சுருக்க இதழை நடத்தியது. இந்தியாவில் அச்சான ஓர் அறிக்கைக்கு டென்னசி மாநிலத்தின் ஓக் ரிட்ஜில் இருந்தவர்கள் பதிவு எழுதினார்கள். அவர்கள் திறமைசாலிகள், அவர்கள் பணியும் பெரிய பணி. ஆனால் கையில் கிடைத்ததை மட்டுமே அவர்களால் பதிய முடியும். கிடைக்காத அறிக்கை இல்லாத அறிக்கைதான். 1970இல் பன்னாட்டு அணுசக்தி முகமை வியன்னாவில் தொடங்கிய இனிஸ் என்ற தகவல் அமைப்பு இந்த வேலையைத் தலைகீழாக மாற்றியது. ஒவ்வொரு உறுப்பு நாடும் தன் எல்லைக்குள் வெளியாகும் அணுவியல் எழுத்துகளுக்குத் தானே பதிவு தயாரிக்கும். வியன்னா அவற்றைச் சரிபார்த்துச் சேர்த்து எல்லோருக்கும் திருப்பித் தரும். உள்ளீடு பல கைகளில், தொகுப்பு ஓரிடத்தில் என்பது அதன் அடிப்படை. இந்தியாவின் பங்கை டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் நூலகத் துறை ஏற்றது. 1976இல் அமெரிக்கர்களின் சுருக்க இதழ் நிறுத்தப்பட்டது. அந்த வேலையை இனிஸ் செய்யத் தொடங்கியிருந்ததே காரணம்.

இந்த ஏற்பாட்டால் கல்பாக்கத்துக்கு என்ன கிடைத்தது என்பதை ஒரு பதிவை அருகில் வைத்துப் பார்த்தால் புரியும். ஆய்வு மையத்தின் உள் அறிக்கைகள் இதழ்களில் வருவன அல்ல, கடையிலும் கிடைக்காது. கொஞ்சம் படிகளே அச்சாகும். இனிஸ் இவற்றைத்தான் முக்கியமாகக் கருதியது. பதிவோடு நில்லாமல் அறிக்கையையே மைக்ரோஃபிஷ் தகட்டில் படமெடுத்துப் பாதுகாத்தது. பதிவில் நூலாசிரியர் பெயரும் தலைப்பும் மட்டும் இல்லை; நிறுவனத்தின் பெயர் ஊரோடும் நாட்டோடும் ஒரே வடிவில் இருக்கும், அறிக்கை எண் இருக்கும், அனைவருக்கும் பொதுவான சொற்பட்டியலிலிருந்து எடுத்த பொருட்சொற்கள் இருக்கும். இந்தியாவைக் குறிக்கும் ஐ.என். என்ற இரண்டெழுத்தில் தொடங்கி, ஆண்டும் வரிசை எண்ணும் கொண்ட ஒரு குறியும் உண்டு. இந்தப் பதிவை யார் எழுதினார்கள் என்பதற்கு அது சாட்சி. கல்பாக்கத்தின் வேக ஈனுலை 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தொடர்வினை நிலையை எட்டியது. அதில் இட்ட எரிபொருள் புளுட்டோனியம், யுரேனியம் இரண்டின் கலப்புக் கார்பைடு. அந்த விகிதத்தில் அதை உலையின் முழு எரிபொருளாகப் பயன்படுத்திய அனுபவம் வேறு நாடுகளுக்கு இல்லை. ஆகவே அந்த எரிபொருளைப் பற்றி அறிய விரும்பும் யாரும் கல்பாக்கத்து அறிக்கைகளைத் தேடியே ஆக வேண்டும். தேடியவருக்கு அவை கிடைத்தன என்றால், பதிவை இங்கே இருந்தவர்கள் எழுதியது ஒரு முக்கியமான காரணம்.

சிக்கல் ஒன்றும் அந்த 1985இல்தான் உண்டானது. அதே ஆண்டு டிசம்பரில் மையத்தின் பெயர் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என்று மாறியது. அக்டோபரில் உலை இயங்கத் தொடங்கியபோது ஒரு பெயர், இரண்டு மாதம் கழித்து வேறு பெயர். அறிக்கை எண்களின் முன்னெழுத்துகளும் ஆர்.ஆர்.சி. என்பதிலிருந்து ஐ.ஜி.சி. என்று மாறின. இன்றைக்கு ஒருவர் 1982ஆம் ஆண்டு அறிக்கையைக் குறிப்பிடும்போது நிறுவனத்தின் இன்றைய பெயரைப் போட்டால் அது காலப் பிழை. பழைய பெயரை மட்டும் போட்டு, இரண்டும் ஒரே இடம்தான் என்று எங்குமே சொல்லாவிட்டால், மென்பொருள் இரண்டையும் இரண்டு நிறுவனங்களாக நடத்தும். அறிக்கை வந்த அன்றே பதிவு எழுதப்பட்டதால் அன்றைய பெயர் பிழையில்லாமல் பதிவில் நின்றது. இரு பெயர்களையும் இணைக்கும் வேலை நிறுவனப் பெயர்ப் பட்டியலைப் பராமரிப்பவருடையது. நூலகர்கள் காலங்காலமாகச் செய்துவரும், யாரும் நன்றி சொல்லாத வேலை அது.

மென்பொருளின் கதையை இங்கே சுருக்கமாகச் சொன்னால் போதும். 1960களில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் ஹென்றியட் அவ்ராம் நூலக அட்டையைக் கணினி படிக்கும் மார்க் வடிவத்துக்கு மாற்றினார். 1985இல் பிப்டெக் வந்தது. 1980களிலேயே ரெஃபரன்ஸ் மேனேஜர், எண்ட்நோட் போன்ற விற்பனை மென்பொருள்களும் வந்தன. ரெஃபரன்ஸ் மேனேஜரை உருவாக்கிய ரிசர்ச் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் முதலெழுத்துகளே ஆர்.ஐ.எஸ். என்ற கோப்பு வடிவத்தின் பெயராக நிலைத்துவிட்டன. இணையதளங்களில் சான்றை இறக்கிக்கொள்ளும் பொத்தானை அழுத்தினால் இன்றும் பெரும்பாலும் வருவது அந்தக் கோப்புதான். அதைச் சாதாரண எழுத்துக் கோப்பாகத் திறந்து பார்க்கலாம். ஒவ்வொரு வரியும் இரண்டு எழுத்துக் குறியோடு தொடங்கும். டி.ஒய். என்றால் படைப்பின் வகை, ஏ.யு. என்றால் ஆசிரியர், பி.ஒய். என்றால் ஆண்டு, ஈ.ஆர். வந்தால் பதிவு முடிந்தது. 2006இல் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர்கள் இலவசமாக வெளியிட்ட ஸொட்டேரோ இன்னொரு படி போனது. கோப்பை இறக்கி, பிறகு ஏற்ற வேண்டாம். திறந்திருக்கும் பக்கத்திலிருந்தே நேராக எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தளத்தின் அமைப்பையும் படிப்பதற்குத் தனித்தனியாகச் சிறு நிரல்கள் இருக்கின்றன. பல தன்னார்வலர்கள் எழுதியவை. அப்படி நிரல் இல்லாத தளத்தில், பக்கத்தின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் எழுதப்பட்டிருக்கும் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு என்ற சில வரிகளை அது தேடும். அந்த வரிகள் இருந்தால் சான்று வரும். இல்லையென்றால் பக்கத்தின் தலைப்பும் முகவரியும் மட்டும் வரும்.

ஆசிரியர் என்ற அந்த ஒரு வரியில்தான் தமிழருக்குச் சிக்கல். ஆர்.ஐ.எஸ். கோப்பு குடும்பப் பெயரை முதலில் கேட்கிறது, பிறகு காற்புள்ளி, பிறகு சொந்தப் பெயர். கிராஸ்ரெஃபில் ஒருவரைப் பதியும்போது குடும்பப் பெயர் கட்டாயம். சொந்தப் பெயரை விட்டுவிடலாம். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தன் பெயர் ஒன்று, அதற்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து ஒன்று, அவ்வளவுதான். க. சண்முகம் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். தளம் அவர் பெயரை க. சண்முகம் என்ற வரிசையில் தந்தால் தப்பித்தார், கடைசிச் சொல் சண்முகம் என்பதால் அதுவே முதன்மைப் பெயராகும். சண்முகம் க. என்று தந்தால், காற்புள்ளி இல்லாத பெயரில் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்வது மென்பொருளின் வழக்கம் என்பதால், துணைநூற்பட்டியலில் அவர் க. என்ற எழுத்தாகச் சுருங்கி அகர வரிசையில் எங்கோ போய் நிற்பார். இதழின் படிவம் கட்டாயப்படுத்துகிறதே என்று முதலெழுத்தை விரித்து சண்முகம் கந்தசாமி என்று எழுதினால், உலகம் முழுக்க கந்தசாமி எழுதிய கட்டுரை என்று மேற்கோள் காட்டும். கட்டுரையை எழுதாத தந்தை ஆசிரியராகிவிடுவார். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரின் முதலெழுத்துக்கு மாறிய பெண் ஆய்வாளர் தரவுத்தளங்களில் இரண்டு பேராகப் பிரிந்து நிற்பார். இவை தனிமனிதரின் உழைப்பு யாருடைய கணக்கில் சேர்கிறது என்ற கேள்வி. பதவி உயர்வும் நிதியும் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்து முடிவாகும் காலத்தில் சின்னக் கேள்வியும் அல்ல.

இந்தச் சிக்கலுக்குச் சென்னையில் எப்போதோ வழி சொல்லியாயிற்று. சீர்காழியில் பிறந்து 1924 முதல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டி வளர்த்த எஸ். ஆர். ரங்கநாதன், 1934இல் வெளியிட்ட நூற்பட்டியல் விதிநூலில் தென்னிந்தியப் பெயர்களுக்கென்றே விதி வகுத்தார். கடைசியில் நிற்கும் சொந்தப் பெயர்தான் தலைமைச் சொல். தந்தை பெயரும் ஊர்ப் பெயரும் அதற்குப் பின்னால் வரும். கடைசிச் சொல் சாதியையோ சமூகத்தையோ மட்டும் குறிப்பதானால், அதை முந்தைய சொல்லிலிருந்து பிரிக்கக் கூடாது. அதன்படி சி. பி. ராமசாமி ஐயரை ராமசாமி ஐயர் என்ற இடத்தில் தேட வேண்டும். இன்றைய மென்பொருள் அதே பெயரைத் தானாகப் பிரித்தால், ஐயர் என்பதைக் குடும்பப் பெயராக்கி, தமிழ்நாட்டு வரலாற்றில் ஒருவரோடொருவர் தொடர்பே இல்லாத ஐயர்களையெல்லாம் ஓரிடத்தில் குவித்துவிடும். 1934இல் ஒரு நூலகர் தீர்த்து வைத்ததை இன்றைய மென்பொருள் அறியாமல் போனதற்குத் தொழில்நுட்பக் குறை காரணமில்லை. ஸொட்டேரோவில் பெயரை இரண்டாகப் பிரிக்காமல் ஒரே பெட்டியில் முழுதாக எழுதும் வசதி இருக்கிறது. மூலத் தளத்தில் பெயரை எழுதி வைப்பவர் இது பிரிக்கக் கூடாத பெயர் என்று சொல்வதில்லை. சொல்லாததை மென்பொருள் எப்படி அறியும்?

நூல்களுக்கு வந்தால் ஆண்டே சிக்கல். பழைய தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்பில் அறுபதாண்டுச் சுழற்சியின் வருடப் பெயர் இருக்கும். பிரபவ வருடம் என்று மட்டும் இருந்தால் அது 1867–68ஆகவும் இருக்கலாம், 1927–28ஆகவும் இருக்கலாம். தாளையும் அச்செழுத்தையும் பதிப்பாளரையும் அறிந்த ஒருவர் புத்தகத்தைக் கையில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு சொல்ல முடியும். ஜான் மர்டாக் 1865இல் தமிழ் அச்சு நூல்களுக்குப் பொருள்வாரிப் பட்டியல் வெளியிட்டபோதும், 1867ஆம் ஆண்டு அச்சகச் சட்டத்துக்குப் பின் சென்னை மாகாண அரசு காலாண்டுதோறும் நூற்பட்டியல் வெளியிட்டபோதும் இந்த வேலை நடந்தது. பிற்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழக நூலகங்களில் தமிழ் நூல்களின் பதிவுகள் நிறைந்ததற்கு பி.எல். 480 என்ற அமெரிக்கச் சட்டத்தின் கீழ் வந்த கோதுமை ஒப்பந்தம் காரணம். இந்தியா கோதுமைக்கு ரூபாயில் கொடுத்த விலையில் ஒரு பகுதியைக் கொண்டு 1962 முதல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்திய மொழி நூல்களை வாங்கியது. வாஷிங்டனில் உட்கார்ந்து அதைச் செய்ய முடியாது என்பதால் டெல்லியில் அலுவலகம் திறந்து, மொழி அறிந்த இந்தியர்களை அமர்த்திப் பதிவு எழுத வைத்தார்கள். இன்று 1960களின் தமிழ் நாவல் ஒன்றுக்கு உலக நூலகத் தளங்களிலிருந்து ஒழுங்கான சான்று ஒரே சொடுக்கில் வருகிறதென்றால், டெல்லியில் அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்த ஒருவரின் உழைப்பு அதற்குப் பின்னால் இருக்கிறது. தலைப்பு ரோமன் எழுத்தில் மாற்றி எழுதப்பட்டிருப்பது அதன் குறை. அன்றைய கணினியில் தமிழெழுத்துக்கு இடமில்லை.

சான்றின் தரம் அதை முதலில் எழுதுகிறவரைப் பொறுத்தது என்பதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இயந்திரம் கற்றுக்கொண்டு வருகிறதே, பெயர்களைப் பார்த்தே எது தமிழ்ப் பெயர், எது தந்தை பெயர் என்று அது ஊகிக்காதா, பிறகு மூலத்தில் யார் எப்படி எழுதினால் என்ன என்று கேட்கலாம். பல நேரம் சரியாக ஊகிக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் சண்முகம் கந்தசாமி என்ற இரு சொற்களில் எது மகன் பெயர், எது தந்தை பெயர் என்பது அந்தச் சொற்களுக்குள் இல்லை. இரண்டுமே ஆண்களுக்கு இடும் பெயர்கள். பாஸ்போர்ட் வழக்கில் தந்தை பெயர் பின்னால் வரும், பழைய வழக்கில் முன்னால் வரும். சொன்னால் தெரியும், சொல்லாவிட்டால் தெரியாது. ஸ்கந்தசிஷ்யன் யார் என்பதை எந்தக் கணக்கும் இதுவரை முடிவு கட்டாததற்கும் அதுவே காரணம். இல்லாத தகவலை ஊகம் நிரப்பும்போது வரும் ஆபத்து வேறு வகையானது: வெற்றிடம் வெற்றிடமாகத் தெரிந்தால் ஆய்வாளர் மூலத்தைத் தேடிப் போவார், நம்பத்தகுந்த தவறு அங்கே உட்கார்ந்திருந்தால் போகமாட்டார். நிலையான எண்ணும் இதைத் தீர்ப்பதில்லை. டி.ஓ.ஐ. ஒரு பதிவைச் சுட்டும்; அந்தப் பதிவில் பெயர் தலைகீழாக இருந்தால் தலைகீழான பெயரையே உலகம் முழுக்க ஒரே சீராகக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இன்னொரு மறுப்பு நூலகர்கள் பக்கத்திலிருந்தே வரும். ஒவ்வொருவரும் தம் ஊர் வழக்கப்படி எழுதத் தொடங்கினால் பொது ஒழுங்கு என்ன ஆவது? சேம்பர்ஸும் பாபிங்டனும் ஆளுக்கொரு பெயர் எழுதியது போல் ஆகாதா? நியாயமான அச்சம்தான். இனிஸிலும் நாட்டுக்கு நாடு பதிவின் தரம் வேறுபட்டது, சில நாடுகளிலிருந்து பதிவுகள் தாமதமாக வந்தன. வியன்னாவில் சரிபார்ப்போர் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆங்கிலமே அதன் பொது மொழி என்பதால் மற்ற மொழித் தலைப்புகள் மொழிபெயர்ப்போடுதான் உள்ளே வந்தன. அருகில் இருந்தால் மட்டும் போதாது, விதியும் வேண்டும் என்பதை ஏற்றே ஆக வேண்டும். ஆனால் மாமல்லபுரத்தின் பெயரைக் குழப்பியவர்கள் ஊரார் அல்லர், வந்துபோனவர்கள். ஊர்க் கல்வெட்டுகள் ஒரே பெயரைத்தான் சொல்லின. ஹூல்ஷும் அவருடன் பணியாற்றிய வெங்கய்யாவும் கற்களையே படித்ததால் குழப்பம் குறைந்தது. ரங்கநாதனின் விதியும் உலகப் பொது நூற்பட்டியலுக்கு எதிராக எழுந்ததில்லை. அதற்குள் தென்னிந்தியப் பெயருக்கு ஒழுங்கான இடம் கேட்டது. பொது விதியை எல்லோரும் சேர்ந்து வகுப்பதும், விதிப்படி நிரப்புவதை அருகில் இருப்பவரிடம் விடுவதும் ஒன்றோடொன்று மோதுவன அல்ல என்பதை இனிஸ் அரை நூற்றாண்டாக நடத்திக் காட்டியிருக்கிறது.

2009இல் இனிஸ் தன் தரவுத்தளத்தை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. ஆர்.ஆர்.சி. எண் தாங்கிய பழைய கல்பாக்கம் அறிக்கை ஒன்றை இன்று வீட்டிலிருந்தே தேடி, அதன் சான்றை மென்பொருளில் சேர்த்துக்கொள்ள முடிகிறது. நிறுவனத்தின் அன்றைய பெயர், ஊர், அறிக்கை எண் எல்லாம் பதிவிலேயே இருப்பதால் அவை கூடவே வருகின்றன. அதே ஆய்வாளர் திருக்கழுக்குன்றத்துக் கல்வெட்டைப் பற்றித் தமிழ் இதழ் ஒன்றில் வந்த கட்டுரையை மேற்கோள் காட்ட நினைத்தால் நிலைமை வேறு. இதழின் தளத்தில் கட்டுரை பெரும்பாலும் வெறும் பி.டி.எஃப். கோப்பாகக் கிடக்கிறது, பக்கத்தின் தலைப்பகுதியில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பக்கம் எதுவும் எழுதப்பட்டிருப்பதில்லை. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் தட்டச்சான பழைய இதழ் என்றால் தலைப்பைப் படியெடுத்து ஒட்டினால்கூட ரோமன் எழுத்துக் குப்பையாக வருகிறது. பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்காவில் தமிழ்த்துறை ஆய்வேடுகளின் தலைப்புகள் சில தமிழிலும் சில ரோமன் எழுத்திலுமாக இருக்கின்றன. ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. தளத்தை நடத்தும் பதிப்பாசிரியர் ஒரு கட்டுரைக்குச் சேர்க்க வேண்டியவை ஆறேழு வரிகள்: பிரிக்காத முழுப் பெயர், தமிழெழுத்தில் தலைப்பு, இதழின் பெயர், தொகுதி, ஆண்டு, பக்கம். கட்டுரையாளரைத் தொலைபேசியில் அழைத்து உங்கள் பெயரில் எது உங்கள் பெயர் என்று கேட்கக்கூடிய இடத்தில் இருப்பவரும் அவர் ஒருவர்தான். அந்த வரிகள் சேரும்வரை, கல்பாக்கத்தில் உலையைப் பற்றி எழுதுகிறவருக்குப் பொத்தான் போதும். பக்கத்து ஊர்க் கோயிலைப் பற்றி எழுதுகிறவர் ஒவ்வொரு சான்றையும் கையால் தட்டச்சு செய்ய வேண்டும்.